ஐந்தேகால் அங்குலக் காலியிடம்

எஞ்சிய இடத்துக்கு உரிய பொருளைக் கண்டறிந்து பொருத்துவது தனியொரு கைத்திறன் என்பதைப் பாலாற்றங்கரைத் தோல் நகரங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இந்த வட்டாரம், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை அரைப்பதத்திலேயே நெடுங்காலம் ஏற்றுமதி செய்துவந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பின் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் திரும்பியது. அந்தத் திருப்பம் வெட்டு மேசைக்கு முன்னில்லாத மதிப்பைத் தந்தது. விரித்த தோலின் முன் நிற்கும் கட்டர், முதுகும் பிட்டமும் சேர்ந்த உறுதியான பகுதியில் காலணியின் முன்முகத்தையும், தோள்பகுதியில் பக்கங்களையும், தளர்ந்து இழுபடும் வயிற்றோரத்தில் கண்ணுக்குத் தெரியாத நாக்கையும் உள்துண்டுகளையும் வெட்டுகிறார். இழுவை குறைந்த திசை காலணியின் நுனியிலிருந்து குதிகால் நோக்கி அமையும்படி அச்சைத் திருப்பி வைக்கிறார். எந்த இடம் எதைத் தாங்கும் என்று அறிந்து வைப்பதே அவருடைய கலை. மிச்சப்படும் சதுர அடிகள் அந்த அறிவின் பலன்.

இதே கண் விழ வேண்டிய இன்னோர் இடம், அதே தொழிற்கூடங்களின் அலுவலக அறைகளில், மேசைக்கடியில் நிற்கும் கணினிப் பெட்டிக்குள் இருக்கிறது. பேச்சுவழக்கில் 'சிபியு' என்றும் கடைக்காரர்களிடையே 'கேபினெட்' என்றும் வழங்கும் அந்தப் பெட்டியின் முன்பகுதியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டறைகள் உள்ளன. தகவலைப் படித்து எழுதும் கருவிகளான டிரைவ்களைச் செருகுவதற்கென்று அமைந்த இவையே 'டிரைவ் பே' எனப்படுகின்றன. பெரும்பாலான பழைய பெட்டிகளில் ஒரு டிவிடி ரைட்டரும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ள, மற்றவை பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. அவற்றைப் பயனுக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பில் சேர்ந்த வேலை போலத் தோன்றினாலும், நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றைத் திறந்து பார்ப்பவர் அதில் ஒரு நேர்த்தியைக் காணத் தவறமாட்டார்.

இந்த அறைகளின் பெயரிலேயே ஒரு வரலாறு உறைந்திருக்கிறது. பெரிய அறையை 'ஐந்தேகால் அங்குல பே' என்கிறார்கள். ஆனால் அளந்தால் அதன் அகலம் ஐந்தேமுக்கால் அங்குலம், அதாவது 146 மில்லிமீட்டர் வரும். ஐந்தேகால் என்பது அறையின் அளவன்று, அதில் ஒருகாலத்தில் நுழைந்த பிளாப்பி வட்டுறையின் அளவு. அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்ட எஸ்ஏ-400 என்னும் பிளாப்பி டிரைவ், ஐந்தேமுக்கால் அங்குல அகலமும் மூன்றேகால் அங்குல உயரமும் கொண்டிருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி அதே உருவளவுக்கு இரண்டு இடங்களை ஒதுக்க, உலகமே அந்த அளவைப் பின்பற்றியது. பின்னர் டிரைவ்களின் உயரம் சரிபாதியானபோது, 41.3 மில்லிமீட்டர் உயரமுள்ள அரையுயர அறையே வழக்கமாயிற்று. சிடி டிரைவும் அதையடுத்து வந்த டிவிடி ரைட்டரும் இந்த அறைக்கேற்பவே வடிவமைக்கப்பட்டன. குடியிருந்த வட்டு மறைந்துவிட்டது; அதற்காகக் கட்டிய அறை அரை நூற்றாண்டாக அதே அளவில் நிற்கிறது. மூன்றரை அங்குல அறையும் அவ்வாறே சிறிய பிளாப்பியின் பெயரைத் தாங்கிக்கொண்டு இன்று ஹார்டு டிஸ்க்குகளுக்கு இடம் தருகிறது.

அளவு மாறாமல் நின்றதால்தான் இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் உருவானது. மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர், உயரம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர். இரண்டரை அங்குல டிஸ்க்கின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர், உயரம் பெரும்பாலும் 7 அல்லது 9.5 மில்லிமீட்டர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்துள்ள மூன்று பெரிய அறைகளை நோக்கினால், அவை சேர்ந்து 146 மில்லிமீட்டர் அகலமும் 124 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரே கூடமாகத் தெரியும். அதில் ஹார்டு டிஸ்க்குகளைப் படுக்கவைத்து அடுக்கினால் நான்கு தாராளமாக அமரும். அதே டிஸ்க்குகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, அலமாரியில் புத்தகம் போல வரிசையாக நிறுத்தினால் ஐந்து நிற்கும். ஐந்தின் கனம் 130 மில்லிமீட்டர். நிமிர்ந்த உயரம் 102 மில்லிமீட்டர். கூடத்தின் அகலமும் உயரமும் இரண்டுக்கும் போதும். தோலின் மேல் அச்சைச் சற்றே திருப்பி வைத்து ஒரு துண்டைக் கூடுதலாகப் பெறும் கட்டரின் கைக்கும் இந்தத் திருப்பலுக்கும் வேறுபாடு இல்லை. அந்தக் கூடத்தின் 124 மில்லிமீட்டர் உயரம் 120 மில்லிமீட்டர் மின்விசிறியை ஏறக்குறைய அளவெடுத்துச் செய்ததுபோல ஏற்றுக்கொள்வது இன்னொரு பேறு. இரண்டரை அங்குல டிஸ்க்குகள் இரண்டை அருகருகே வைத்தால் 140 மில்லிமீட்டர்தான் ஆகும். ஆகவே ஒரே அரையுயர அறைக்குள் மெல்லிய எஸ்எஸ்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, ஆறோ எட்டோ கொள்ளும் கூண்டுகளும் செய்யப்படுகின்றன.

தோல் தொழிலின் அலுவலகத்துக்கு இத்தனை டிஸ்க்குகள் எதற்கு என்ற கேள்விக்கு அந்தத் தொழிலே விடை தருகிறது. காலணியின் மாதிரி வடிவங்கள் இன்று கணினியில் வரையப்பட்டு, ஒவ்வொரு அளவுக்கும் விரித்துச் சுருக்கிச் சேமிக்கப்படுகின்றன. பல பருவங்களுக்குப் பின் அதே வடிவத்தைக் கேட்டு வாங்குபவர் திரும்பி வரும்போது பழைய கோப்பு கையில் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல், உடலில் படும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என்று விதித்திருப்பதால் பரிசோதனைச் சான்றுகளைப் பேணுவதும் கடமையாயிற்று. தோல் பதனிடும் கூடங்களின் கழிவுநீர் மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய பதிவுகளும் அதே கனம் பெற்றன. இத்தகைய ஆவணங்கள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் கிடப்பதும், ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் ஒற்றை நூலில் தொங்குவதும் ஒன்றே.

ஆகவே, காலி அறையின் முதல் உரிமை இணைப்பிரதிக்கு உரியது. ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதவைக்கும் ஏற்பாடு 'ரெய்டு 1' எனப்படும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒருசேர அழிந்துவிடும் என்பதால் இது காப்புப்பிரதி ஆகாது. அந்தக் குறையைத் தீர்ப்பது இரண்டாம் அறையில் பொருத்தும் கழற்றுக்கூண்டு. கைப்பிடியுள்ள தட்டில் டிஸ்க்கைப் பூட்டி, முன்பக்கத்திலிருந்தே செருகவும் உருவவும் உதவும் இந்த அமைப்பில், மாலையில் பிரதி எடுத்த டிஸ்க்கை உருவி வேறோர் இடத்தில் வைத்துவிடலாம். இயங்கும்போதே உருவ வேண்டுமானால் மதர்போர்டில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா அமைப்பு 'ஏஹெச்சிஐ' முறையிலும், இயங்கும்போது செருகலை ஏற்கும் நிலையிலும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள், தகவலைக் காந்த நாடாவில் பதியும் அரையுயர எல்டிஓ கருவியையும் ஒற்றை ஐந்தேகால் அறையில் அமர்த்துகின்றன. கருவியிலிருந்து வெளியே எடுத்து வைத்த நாடாவை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் எந்த நச்சுநிரலும் தொட முடியாது.

இனிப் பொருத்துகையின் நயம். மூன்றரை அங்குல டிஸ்க்கைப் பெரிய அறையில் வைக்கும்போது இருபுறமும் 22 மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதை நிரப்பும் உலோகத் தாங்கி இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் டிஸ்க் அதிராது. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு அகன்ற மரையுள்ள திருகாணியும், டிவிடி ரைட்டருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் நுண்மரையுள்ள எம்-3 திருகாணியும் உரியன. ஒன்றை மற்றதன் துளையில் வலிந்து ஏற்றினால் மரை அழிந்துவிடும். தைப்பவர் தோலின் கனத்துக்கேற்ற ஊசியைத் தேர்வதைப்போல, தேர்ந்த கைக்காரர் திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் பிரித்து வைத்துக்கொண்டே பெட்டியைத் திறக்கிறார். கேபிள்கள் காற்றோட்டத்தை மறிக்காமல் பெட்டியின் ஓரத்தோடு ஒட்டிச் செல்வதும், ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் அதன் வரிசை எண் எழுதிய சீட்டு ஒட்டியிருப்பதும் நல்ல கையின் அடையாளங்கள். பழுதான டிஸ்க்கை விட்டுவிட்டு நல்லதை உருவும் விபத்தை அந்தச் சிறு சீட்டு தடுக்கிறது.

மின்சாரக் கணக்கும் இக்கலையின் ஒரு பகுதியே. மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கிறது. ஐந்து டிஸ்க்குகள் ஒருசேரக் கிளம்பினால் அதற்கு மட்டும் 120 வாட் வேண்டும். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி அதைத் தாங்குமா என்று பார்க்காமல் அறையை நிரப்புவது, மெல்லிய தோலில் அடித்தோல் தைப்பதற்கு ஒப்பாகும். வேலூரின் கத்திரி வெயிலில் வெளிவெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பெட்டிக்குள் நிலவும் வெப்பம் அதைவிட மிகுதியாக இருக்கும். மேசைக்கணினி டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரியே மேல்வரம்பு. எனவே இடம் அனுமதிக்கும் ஐந்தை விட்டு நான்கோடு நிறுத்தி, இடையே காற்றுக்கு வழிவிட்டு, முன்னே ஒரு விசிறியை அமர்த்துவது இந்த ஊரின் தட்பவெப்பம் கற்பிக்கும் அளவறிவு.

தோல் பதனிடும் இடங்களுக்கே உரிய இன்னொரு பகை உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் சேர்க்கும் சோடியம் சல்பைடு, அமிலத்தோடு கலக்க நேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்வது. மின்னணுப் பலகைகளில் ஈயத்தைத் தவிர்க்கும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபின், பலகைகளின் மேல் வெள்ளிப்பூச்சு பரவலாயிற்று. கந்தகம் கலந்த காற்றில் அந்தப் பூச்சு விரைவில் அரிக்கப்படுகிறது. எனவே பதனிடும் கூடத்தை ஒட்டிய அலுவலகத்தில், மூடி தொலைந்த பே வெறும் அழகுக்குறையாக நின்றுவிடாது. தூசியும் வாயுவும் நுழையும் வாசலாகவே அமையும். பயன்படாத அறைக்குப் பொருத்தமான மூடியிடுவதும், காற்று நுழையும் அறைக்கு வடிதுணி பொருத்துவதும், கணினியைத் தொட்டிப் பகுதியிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரே வேலையின் மூன்று படிகள்.

டிஸ்க்குக்குத் தேவைப்படாத அறை சிறு இழுப்பறையாகவும் மாறலாம். ஐந்தேகால் அறையின் அளவுக்கே செய்த இழுப்பறையில் பென் டிரைவ்களும் உதிரித் திருகாணிகளும் தோல் மாதிரித் துண்டுகளும் அடங்கும். வெட்டு மேசையில் கழித்த லைனிங் துண்டை உட்புறம் ஒட்டினால் அவை உருண்டு மோதாது. இங்கும் தோலறிவு வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தோடு வெற்றிரும்பைத் தொட்டால், கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மை ஆவதைப்போல, அதிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடிக் கரும்படலம் உண்டாக்கும். ஆதலால் இழுப்பறைக்குக் குரோமில் பதனிட்ட லைனிங் தோலே ஏற்றது. இரண்டு தொழில்களின் அறிவு ஒரு சிறு இழுப்பறையில் இவ்வாறு கைகோக்கிறது.

இன்று விற்பனைக்கு வரும் புதிய கேபினெட்டுகள் பலவற்றில் ஐந்தேகால் அறையே இல்லை. முன்முகம் கண்ணாடிக்கும் விசிறிகளுக்கும் போய்விட்டது, சேமிப்பு மதர்போர்டின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய அட்டையாகிவிட்டது. வேகம் வேண்டுபவர்களுக்கு அது முன்னேற்றமே. ஆனால் நிறையத் தகவலை நெடுங்காலம், பல பிரதிகளாக, குறைந்த செலவில் காக்க விரும்பும் நடுத்தரத் தொழிற்கூடத்துக்கு, நான்கு அறைகள் கொண்ட பழைய எஃகுப் பெட்டி இன்றும் மதிப்புள்ள உடைமை. மின்விசையும் காற்றோட்டமும் இடம் கொடுக்கும் அளவுக்கு நிரப்பி, மீதியை மூடிவைத்த பெட்டியே நன்கு அமைந்த பெட்டி. எல்லா அறைகளையும் திணித்து நிரப்பியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பழைய கணினியை இரும்புக்கடைக்கு அனுப்பும் முன், மின்னிணைப்பைத் துண்டித்து, பக்கத்தகட்டைக் கழற்றி, உள்ளே எத்தனை அறைகள் காலியாக இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது ஒவ்வோர் அலுவலகமும் செய்ய வேண்டிய வேலை.