நடிகரின் முகமும் சுவைஞரின் நினைவும்

திரைப்படத் திறனாய்வு எம்மிடையே பெரும்பாலும் கதைப்பொருள் பற்றிய ஆய்வாகவே இருந்து வந்துள்ளது. ஒரு படம் எவ்வர்க்கத்தின் சார்பில் பேசுகிறது, அதன் முடிவு முற்போக்கானதா என்றெல்லாம் வினவிய நாம், கதைமாந்தராகத் தோன்றுவோர் யாவர் என்பதைத் தயாரிப்பாளரின் வணிக விவகாரமெனக் கருதி ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒதுக்கியபோது ஓர் எளிய சூத்திரமும் எம்மிடம் வேரூன்றியது: நட்சத்திர நடிகரெனின் பொய்ம்மை, புதுமுகமெனின் யதார்த்தம். இச்சூத்திரம் இலங்கைத் திரைப்பட வரலாற்றுக்குப் பொருந்தி வரவில்லை என்பதே எனது கருத்து.

‘கம்பெரலிய’வை (1963) எடுத்துக்கொள்வோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்திய இப்படம் வணிகப்பட மரபை மறுத்த படமென்று பேசப்படுவது வழக்கம். அது உண்மையே. ஆயினும் நந்தாவின் முதற்கணவன் ஜினதாசவாக அதில் வருபவர், முந்திய ஆண்டில் ‘ரன்முத்து தூவ’வின் கதாநாயகனாகத் தோன்றிய காமினி பொன்சேகா என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜினதாச நற்குடிப் பிறந்தவன். வணிகம் செய்ய ஊரைவிட்டுப் போய் நொடித்துத் தொலைவில் மாண்டுபோகிறவன். காமினியின் உடற்கட்டினையும் மிடுக்கினையும் முன்னரே அறிந்த சுவைஞர், இவன் எப்போதாவது நிமிர்ந்து எழுவான் என எதிர்பார்க்கின்றனர். அவன் எழுவதேயில்லை. மெலிந்த, அறிமுகமற்ற ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்றிருப்பின் நாம் கண்டிருக்கக்கூடியது ஒரு தனிமனிதனின் பலவீனத்தையே. காமினி ஏற்றமையால், வலிமை பயனற்றுப் போவதைக் காண்கிறோம். ஒரு வர்க்கத்தின் தளர்ச்சி ஓர் உடலிலே தெரிகிறது. அவருக்கு எதிர்நிலையில், எழுச்சியுறும் மத்தியதர வர்க்கத்துப் பியலாக, நாடகாசிரியரும் மேடை நடிகருமான ஹென்றி ஜயசேன நிறுத்தப்பட்டமை தற்செயலானதன்று.

இதே உத்தியை ‘நிதானய’வில் (1972) பீரிஸ் மேலும் கடுமையாகக் கையாண்டார். புதையலுக்குப் பலியிடுவதற்கென்றே ஒரு பெண்ணை மணக்கும் வில்லி அபேநாயக்கவாக அதே காமினி. நம்பி வரும் மனைவியாக மாலினி பொன்சேகா. நாயகன்பால் சுவைஞர் கொண்டிருந்த பற்று, கொலைகாரனின் தயக்கங்களையும் அவர்கள் பொறுத்துக்கொள்ளுமாறு செய்கிறது. அப்பற்றே இறுதியில் அவர்களைக் குற்றத்தின் பங்காளிகளாகவும் ஆக்கிவிடுகிறது. இன்னோர் எடுத்துக்காட்டு, பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997). போரில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட மகனின் சாவை ஏற்க மறுக்கும் கண்பார்வையற்ற கிழவராக அதில் வருபவர், தொடக்க காலத்தில் நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்ட ஜோ அபேவிக்கிரம. எந்த முகத்தைக் கண்டு ஒரு தலைமுறை சிரித்ததோ, அந்த முகம் அரசின் நட்டஈட்டை மௌனமாக மறுத்துநிற்கும்போது அம்மறுப்பு தனிக் கனம் பெறுகிறது.

இவற்றினின்றும் நாம் பெறுவது யாது? சுவைஞர் வெறுமையான உள்ளத்துடன் படமாளிகைக்குள் நுழைவதில்லை. முன்னர் கண்ட முகங்களின் நினைவு அவர்களிடம் ஒரு சேமிப்பாக உண்டு. நல்ல நெறியாளர் அச்சேமிப்பைச் செலவிட அறிந்தவர்.

இந்நோக்கிற் பார்க்குமிடத்து ‘பொன்மணி’யின் (1977) தோல்வி வேறுவிதமாக விளங்குகிறது. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய இத்தமிழ்ப் படம், சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை நசுக்குவதைச் சித்திரித்தது. பாலச்சந்திரன், சுபாஷினி, சித்திரலேகா மௌனகுரு, எழுத்தாளர் நந்தி ஆகியோர் நடித்தனர். மக்கள் அதனைப் பார்க்கவில்லை. இரசனைக் குறைவு எனப் பழியை அவர்கள்மேற் சுமத்திவிட்டு நாம் அமைதியடைந்தோம்.

ஆனால் அம்மக்களின் சேமிப்பில் இருந்தவை எவை? எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பிறரும் தென்னிந்தியாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கிய காலம் அது. சிங்களப் படத்துறைக்கு வாய்த்த தொடர்ச்சி, ஒரே நடிகரைப் பத்து வேடங்களிற் காணும் வாய்ப்பு, ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. ஆகவே பொன்மணியின் அடக்கமான நடிப்பையும் மௌனங்களையும் அவர்கள் எதனோடு ஒப்பிட்டுச் சுவைப்பது? நெறியாளர் செலவிடுவதற்குச் சேமிப்பே இருக்கவில்லை. (பல்கலைக்கழக வட்டத்தினர் மட்டும் ‘இவர் நம் நந்தியல்லவா’ என்று மகிழ்ந்திருப்பர். அதுவும் நட்சத்திர வழிபாட்டின் சிறுவடிவமே என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) பொன்மணியில் நட்சத்திரங்கள் நடித்திருக்க வேண்டுமென்பது என் வாதமன்று. அந்நடிகர்கள் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படத்தில் எம்முன் தோன்ற இயலாமற் போனமையே இழப்பு. அவ்விழப்புக்குக் காரணம் கலையில் இல்லை. சந்தையிலும் விநியோகத்திலும் உள்ளது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், ஒரு பிரெஞ்சு நெறியாளரின் படத்தில் இப்பிரச்சினை எதிர்பாராத வகையில் மீண்டும் எழுகிறது. ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015) கான் விழாவின் தங்க ஓலை விருதினைப் பெற்றது. அதன் தலைமைப் பாத்திரமான முன்னாள் போராளியாக நடித்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன்; இளமையில் தாமே இயக்கத்தில் இருந்தவர். பிரெஞ்சுச் சுவைஞர்க்கு அவர் அறியாத முகம். எமக்கோ ‘கொரில்லா’ நாவலின் ஆசிரியர் ஷோபாசக்தி. அவர் வாய்திறக்கு முன்னரே அவருடைய எழுத்துகள் திரையில் நிழலாடுகின்றன. படங்கள் தராத சேமிப்பை இங்கு இலக்கியமும் வாழ்வும் தருகின்றன. அவருக்கு மனைவியாக நடிக்கும் யாழினி வேடத்துக்குச் சென்னை மேடை நடிகை காளீஸ்வரி சீனிவாசனைத் தேர்ந்தமை, பேச்சுவழக்கில் நுண்ணிய செவியுடையோர்க்கு முதலில் நெருடலாம். எனக்கு அந்நெருடல் விரைவில் நீங்கிற்று. அப்படத்தின் கதையே பாத்திரத் தேர்வு பற்றியதுதான்: இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளுக்காக, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி ஆகிய மூவர் கணவனாகவும் மனைவியாகவும் மகளாகவும் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். அகதி அதிகாரிகளே அவர்களின் முதற் சுவைஞர். அங்கே நடிப்புப் பிசகினால் திருப்பி அனுப்பப்படுவர்.