தோராயமும் தொடர்பும்: கூட்டு நிலப்படத்தில் கோயிலூர் முகவரிகள்

முன்னுரை

2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் கூடி வரையும் உலக நிலப்படமாகும். அதில் முகவரிகளைப் பதியப் பெரிதும் பின்பற்றப்படுவது, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரின் பெயரால் வழங்கும் முறை. அம்முறை தோராயத்தைக் கையாளும் விதத்தைக் கடலூர் மாவட்டக் கோயிலூர்களான ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

எண்ணின் தோராயம்

தெருவின் இரு முனைகளிலுள்ள கதவெண்களைக் கோட்டால் இணைத்து, இடைப்பட்டவை ஒற்றைப்படையா இரட்டைப்படையா எனக் குறிப்பது இம்முறையின் 'இன்டர்போலேஷன்' வசதி. முனைகள் 2, 40 எனில் இடையிலுள்ள 18 இரட்டைப்படை எண்களுக்கும் கணினி இடம் வகுத்துவிடும். எண்கள் வரிசை பிறழாமல் அமைந்துள்ளன என்பதே இதன் எடுகோள். பாகப்பிரிவினையால் 14, 14ஏ, 14/1 எனக் கிளைத்தும், பழைய எண், புதிய எண் என இரட்டித்தும் நிற்கும் தமிழகத் தெருக்களில் இவ்வெடுகோள் நிலைப்பதில்லை. கள ஆய்வின் துல்லியத்தைச் சுட்ட 'இன்க்ளூஷன்' என்னும் குறிச்சொல் உண்டு. ஆயின் அது கட்டாயமன்று. அது விடுபடும்போது ஊகம் உண்மையின் தோற்றம் பெறுகிறது. அவசர ஊர்தி வேறொரு வாசலில் நிற்க நேரலாம்.

தொடர்பு தோராயமன்று

'பூவராக சுவாமி கோயிலுக்கு வடக்கே, மளிகைக் கடைக்கு எதிர்வீடு' என்பது போன்ற முகவரியில் எண் இல்லை. எனினும் அது ஒரே வீட்டைச் சுட்டவல்லது. சிதம்பரத்தின் கீழ வீதி, மேல வீதி என்னும் பெயர்களும் கோயிலை நடுவாகக் கொண்டு திசையால் அமைந்தவையே. சோழர் கல்வெட்டுகள் நிலத்தைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என வரையறுத்தன. இன்றைய கிரயப் பத்திரமும் நான்கெல்லை கூறுகிறது. எனவே தொடர்பால் இடம் சுட்டுதல் துல்லியத்தின் மற்றொரு வடிவம். கார்ல்ஸ்ரூ முறையில் முழு முகவரியையும் ஒரே வரியாக எழுத இடமுண்டு. ஆனால் 'எதிரில்' என்பது அங்கு வெறும் எழுத்தாகவே நிற்கிறது. ஊகித்த எண் தரவாகவும், ஊரார் அறிந்த தொடர்பு குறிப்பாகவும் தரம் பிரிக்கப்படுவதே இம்முறையின் அடிப்படைக் குறை.

கடை மூடப்பட்டால் முகவரி பொய்க்கும் என்பர். தொடர்பைப் படத்திலுள்ள கடையோடு இணைத்துப் பதிந்தால், கடை நீக்கப்படும்போதே முகவரியும் மறுபார்வைக்கு வரும். 2025-இல் இந்திய அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், ஏறத்தாழ 4 மீட்டர் சதுரத்துக்கு 10 எழுத்தெண் குறியீடு தருகிறது. அது இடத்தைச் சொல்லும். ஊரார் அவ்விடத்தை அழைக்கும் பெயரைச் சொல்லாது.

முடிவுரை

கூட்டு நிலப்படம் ஊகித்த எண்ணை ஊகமென்றே காட்டவேண்டும். திசையையும் அடையாளப் பொருளையும் தனித் தரவுகளாக ஏற்கவேண்டும். அப்போதே கோயிலூர்களின் முகவரி மரபு படத்தில் இடம்பெறும்.