ஓரிரவுத் தடம்

அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் வண்டிவீட்டுக்காரர்கள், வழியில் ஓரிரவு தங்க ஏரிக்கரையோ மரநிழலோ கேட்பதில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சரளைத் தடம் கிடைத்தால் போதும். பின்னால் இழுத்துவரும் காரைக் கழற்ற வேண்டாம், ரிவர்ஸ் எடுக்க வேண்டாம். இருட்டிய பின் வந்து சேர்பவருக்கு வேறென்ன வேண்டும்?

தடத்தோரக் கம்பத்தில் ஒரு மின்பெட்டி. மூடியைத் தூக்கினால் 30 ஆம்பியருக்கு மூன்று துளை, 50 ஆம்பியருக்கு நான்கு. பக்கத்தில் குடிநீர்க் குழாய், தரைமட்டத்தில் கழிவுநீர் வாய். வண்டியின் கழிவுநீர்த் தொட்டிகளைத் திறந்துவிடுவதிலும் ஒரு வரிசை உண்டு: முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகுதான் குளியல், பாத்திர நீர். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர், முன்னால் போனதன் மிச்சத்தை ஹோஸிலிருந்து அலசிவிடும். கையுறை போட்டுக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனாலும் எவ்வளவு அழகான யோசனை!

1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்களை நம்பி, மொன்டானாவின் பில்லிங்ஸில் ஆற்றங்கரையில் தொடங்கிய முகாம்தான், இப்படித் தங்க இடம் தரும் கே.ஓ.ஏ. இன்று அதற்கு வட அமெரிக்கா முழுக்கக் கிளைகள்.

கிளம்புமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. படிக்கட்டை மடக்காமலே நெடுஞ்சாலை ஏறுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.