ஒரு மில்லிமீட்டர் துளை

கள்ளிக்குப்பம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் ஏர் பிளாஸ்மா வெட்டும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கேஸ் கட்டிங்கின் சீறல் போன்றதல்ல அது. காதுக்குள் ஊசி இறங்குவது போன்ற விசில். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றின் குரல் அப்படித்தான் இருக்கும். அந்தப் பாய்ச்சலை நம் பட்டறைகள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம்; கம்ப்ரஸர் போதும். தகட்டை முன்கூட்டிச் சூடாக்கும் வேலையும் இல்லை. கேஸ் கட்டிங் இரும்பை எரித்து வெட்டுவதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிடமும் அலுமினியத்திடமும் தோற்றுப்போகும். பிளாஸ்மா உருக்கி ஊதித் தள்ளுவதால் மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் வெட்டும். ராபர்ட் கேஜ் 1957-இல் காப்புரிமை பெற்ற இந்த முறை, செம்பு எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியப் பொட்டு வைக்கும் வழக்கம் வந்தபின் சாதாரணக் காற்றிலேயே ஓடத் தொடங்கியது. சிறு முதலாளிக்கு இது பெரிய விடுதலை.

குறை எங்கே இருக்கிறது? வெட்டு சரியாக விழாவிட்டால் கை முதலில் ரெகுலேட்டருக்குத்தான் போகிறது. “பிரஷர் ஏத்துண்ணே, சுத்தமா வெட்டும்.” நான் பார்த்த ஒரு பட்டறையில் 12 மி.மீ. தகட்டின் அடியில் கசடு ஒட்டியபோதெல்லாம் முள்ளை ஏற்றிக்கொண்டே போனார்கள். கசடு போகவில்லை, டார்ச் பற்றவைப்பதுதான் தகராறு செய்தது.

அழுத்தம் ஏற்றியும் கசடு போகாததற்குக் காரணம் உண்டு. டார்ச் நுனியிலுள்ள நாசிலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போலச் சுமார் 1.9 மடங்கைத் தாண்டிவிட்டால், துளையின் வாயில் காற்றின் வேகம் ஒலிவேகத்தை எட்டி, அங்கே அதற்குமேல் ஏறாது. குளிர்ந்த காற்றுக்கான கணக்கில், உள்ளே 6 பார் முழு அழுத்தம் இருந்தால் வாயில் 3 பாருக்குச் சற்று மேல் இருக்கும். வெளியிலோ 1 பார். எனவே வெளியே வந்ததும் ஜெட் விரிந்து ஒலியை முந்துகிறது. அளவுமீறி விரிந்து, அதிர்ச்சி அலையில் மோதி நசுங்குகிறது. ராக்கெட் புகையில் வரிசையாகத் தெரியும் வைர வடிவங்களும் இதே கூத்துதான். அழுத்தத்தை ஏற்ற ஏற்ற மோதல் வலுக்கும். உருகிய உலோகத்தைத் தள்ள வேண்டிய வலுவில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். அழுத்தம் குறைந்தாலும் ஆபத்துதான். 20,000 டிகிரி ஆர்க்கைச் சுற்றிக் காப்பாக நிற்கும் குளிர்காற்று உறை மெலிந்தால், ஆர்க் நாசில் சுவரையே கடித்துவிடும்.

ரெகுலேட்டரைவிட நாசிலைத்தான் கவனிக்க வேண்டும். 1 மி.மீ. துளை 1.1 ஆகத் தேய்ந்தால் கண்ணுக்குப் பெரிதாகப் படாது. ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. அதே ஆம்பியர் அகன்ற துளையில் பரவி ஆர்க் தளர்கிறது. ஒரு பக்கமாகத் தேய்ந்தால் ஜெட்டே சாய்ந்து, தகட்டின் ஓரமும் சாய்ந்து வெட்டுப்படும். ‘இன்னும் ரெண்டு நாள் ஓடும்’ என்று நாசிலில் மிச்சம் பிடித்த காசு, கிரைண்டிங் கல்லாகவும் ஆள் கூலியாகவும் வெளியே போகிறது.

காற்று சுழன்று வருவதையும் பலர் கணக்கில் கொள்வதில்லை. அந்தச் சுழற்சியால், வழக்கமான டார்ச்சில் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேராக வெட்டுப்படும். ஃபிளாஞ்சின் வெளிவட்டத்தைக் கடிகாரச் சுற்றாகவும் உள்துளையை எதிர்ச்சுற்றாகவும் வெட்டினால் சாய்வு கழிவில் போய்விடும். செலவே இல்லாத திருத்தம் இது.

கவனத்தால் தீராத குறைகளும் உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது வெட்டிய ஓரத்தில் ஏறிக்கொண்டு, பிறகு வெல்டிங்கில் ஊசித்துளைகளாக வெளிப்படும். ஓரத்தை அரைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீர் ஹாஃப்னியத்தைச் சீக்கிரம் குழிபறித்துவிடும். டிரையர் இல்லாத இடத்தில் தினமும் வடித்தாலும் ஈரம் முழுதாகப் போகாது. எனக்குப் பெரிய கவலை ஸ்டெயின்லெஸ் புகைதான். புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் அதில் இருக்கிறது. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. உறிஞ்சு விசிறி இல்லாத ஷெட்டில் அந்த வேலையை எடுக்கவே கூடாது என்பேன்.