செருப்படியும் திருமுடியும்: கண்ணப்பர், திருநாளைப்போவார் புராணங்களில் தோலும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்கோயிலுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுதல் பணிவின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இதற்கு மாறாக, செருப்பணிந்த காலால் இறைவனின் திருமுடியைத் தீண்டிய கண்ணப்பரைப் பெரியபுராணம் போற்றுகிறது. ‘அன்பு விதியை வென்றது’ என்ற பொது விளக்கம் இந்நிகழ்வுக்குப் போதுமானதன்று. கண்ணப்ப நாயனார் புராணத்தைத் திருநாளைப்போவார் புராணத்துடன் ஒப்பிடும் இக்கட்டுரை, எல்லையை அறியாதவருக்குக் கிடைத்த விலக்கு எல்லையை அறிந்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், சேக்கிழார், கண்ணப்பர், திருநாளைப்போவார், செருப்பு, தோல், எல்லை, தீண்டாமை

முன்னுரை

ஒரு சமூகம் தன் தூய்மை பற்றிய எண்ணங்களைச் சிறு செயல்களின் வழியாகவே பெரிதும் நிலைநிறுத்துகிறது. அவற்றுள் ஒன்று காலணி கழற்றுதல். வெளியின் புழுதியையும் இறந்த விலங்கின் தோலையும் வாயிலுக்கு அப்பால் விட்டுச் செல்லும் இச்செயல், புறம் எங்கு முடிகிறது, அகம் எங்குத் தொடங்குகிறது என்பதைக் காலால் உணரச் செய்கிறது. ஊர்தியேறியோ காலணியணிந்தோ இறைவன் இல்லத்துள் செல்வதை, வைணவ மரபு எண்ணும் 32 அபசாரங்களுள் ஒன்றாகக் கொள்கிறது.

இவ்விதி வலுவாக நிலவும் பண்பாட்டில், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் செருப்புக்காலால் செய்த வழிபாட்டை அன்பின் உச்சமாகக் காட்டுகிறது. இம்முரணைக் காப்பியம் எவ்வாறு கையாள்கிறது, அதன் வரம்பு யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

காலணியின் இருநிலை

சங்க இலக்கியத்தில் காலணி பெரும்பாலும் தொழிலோடும் வழிநடையோடும் தொடர்புடையது. பெரும்பாணாற்றுப்படை, தொடுதோல் அணிந்து பழகியதால் வடுப்பட்ட ஆயரின் கால்களைக் காட்டுகிறது. அங்குக் காலணி உழைப்பின் அடையாளம். தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலை அதன்மேல் ஏற்றப்படவில்லை.

பக்தி மரபிலோ காலணி இருநிலை பெறுகிறது. மனிதரின் காலணி வாயிலுக்கு வெளியே நிற்க, இறைவனின் காலணி தலைக்கு உயர்கிறது. இராமனின் திருவடிநிலைகளைப் பரதன் முடிமேல் தாங்கிச் செல்கிறான். வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைகளைப் போற்றிப் பாதுகா சகஸ்ரம் பாடினார். பெருமாள் கோயில்களில் இன்றும் அடியவர் தலையில் சடாரி சாத்தப்படுகிறது. அதன்மேல் இருப்பவை இறைவனின் திருவடிநிலைகளே. எனவே காலணி தன்னளவில் இழிந்ததன்று. அணிந்தவர் யார் என்பதே அதன் இடத்தை முடிவு செய்கிறது. இறைவனின் காலணி அடியவர் தலையில் அமர்வது இம்மரபின் ஒழுங்கு. அடியவரின் காலணி இறைவன் முடியில் படுவது அவ்வொழுங்கின் நேர்த்தலைகீழ். கண்ணப்பர் புராணம் நிகழ்வது இந்தத் தலைகீழ் நிலையில்தான்.

செருப்பு செய்யும் பணி

திண்ணனாரின் செருப்பு கதையில் திடீரென நுழைவதன்று. அவரது வேட்டைக் கோலத்தை விவரிக்கும்போதே வீரக்கழலோடு செருப்பையும் சேக்கிழார் சேர்த்துவிடுகிறார். பின்னர்க் காளத்தியில் அது வேறொரு பணியை ஏற்கிறது. திண்ணனார் ஒரு கையில் வில்லையும் அம்பையும் தாங்கியிருக்கிறார். மறு கையில் இறைச்சி வைத்த கல்லை. வாயில் திருமஞ்சன நீர்; தலைமயிரில் மலர்கள். இறைவன் முடிமேல் முன்பிருந்த மலரை அகற்ற வேண்டும். எஞ்சிய உறுப்பு கால் ஒன்றே. அக்கால் செருப்பணிந்திருக்கிறது. கைகளும் வாயும் தலையும் ஏற்கெனவே வழிபாட்டில் ஈடுபட்டுவிட்டதால், காலும் அதில் சேர்கிறது. அவமதிப்புக்குச் சிறிதும் இடமில்லாதபடி சேக்கிழார் காட்சியை அமைத்திருப்பது நோக்கத்தக்கது.

மேலும், திண்ணனார் வழிபாட்டு முறையை அறவே அறியாதவர் அல்லர். இலையும் மலரும் இட்டவர் யார் என அவர் கேட்க, முன்பொரு நாள் பார்ப்பான் ஒருவன் நீராட்டி, மலர் சூட்டி, உணவூட்டியதைத் தான் கண்டதாக நாணன் கூறுகிறான். பழைய மலரைக் களைதல், நீராட்டல், மலரிடல், அமுது படைத்தல் என்னும் சிவகோசரியாரின் வரிசையே திண்ணனாரின் வழிபாட்டிலும் உள்ளது. மாறியவை பொருள்கள் மட்டுமே. அவர் அறியாதது பூசையின் ஒழுங்கையன்று. எப்பொருள் தூயது, எப்பொருள் தீட்டுடையது என்னும் பாகுபாட்டை. ஆதலின் இக்கதையை விதிக்கும் அன்புக்கும் இடையிலான போராகப் படிப்பது பாடலமைப்போடு முழுதும் பொருந்தவில்லை.

மூன்று நூல்கள், மூன்று விளக்கங்கள்

செருப்பை எவ்வாறு ஏற்பது என்னும் சிக்கலைச் சேக்கிழாருக்கு முன்பே மரபு எதிர்கொண்டிருந்தது. திருவாசகத்தின் திருத்தோணோக்கத்தில் மாணிக்கவாசகர் கண்ணப்பரின் வாயைக் கலசமாகவும் ஊனை அமுதாகவும் காண்கிறார். செருப்புக்கு மட்டும் அத்தகைய மாற்றுப்பெயர் இல்லை. அது செருப்பாகவே நிற்க, அதை அணிந்த அடியே சிறப்பு அடைமொழி பெறுகிறது.

ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரி இவ்விடைவெளியை நிரப்புகிறது. வழிநடையில் தேய்ந்த பாதுகை பசுபதியின் திருமேனிக்குக் கூர்ச்சமாயிற்று என்பது அதன் விளக்கம். வேடனின் செருப்பு தருப்பைக்கு நிகராகிறது. அதாவது விதியின் சொற்களுக்குள் கொண்டுவரப்பட்டு ஏற்கப்படுகிறது.

சேக்கிழார் மூன்றாவது வழியைத் தேர்கிறார். விளக்கத்தைத் தம் கூற்றாகச் சொல்லாமல், சிவகோசரியாரின் கனவில் இறைவன் வாய்மொழியாக வைக்கிறார். மலரை நீக்க வந்து விழும் அச்செருப்படி அன்பு வெள்ளத்தின் பெருக்காகிறது. இளம்பருவச் சேயாகிய முருகனின் திருவடியோடு வைத்து எண்ணப்படுகிறது. கூர்ச்சம் என்னும் சடங்குப் பொருளுக்குப் பதிலாகக் குழந்தையின் கால் வருகிறது. தந்தையின் மேல் மகன் கால் படுவதை எவரும் தீட்டெனக் கொள்ளார். சடங்கின் மொழியிலிருந்து உறவின் மொழிக்குச் செருப்பை இடம்பெயர்த்ததே சேக்கிழாரின் தனிச்சாதனை எனலாம்.

ஆயினும் இவ்விளக்கம் கேட்பது சிவகோசரியார் ஒருவரே. திண்ணனார் அதை அறியார். விதியும் நீக்கப்படவில்லை. சிவகோசரியார் நாள்தோறும் செய்த தூய்மைச் சடங்கு தவறென இறைவன் எங்கும் கூறவில்லை. விதி இருக்க, விலக்கு ஒருவருக்கு மட்டும் அருளப்படுகிறது.

தோல் கொடுத்தவர்

இவ்விலக்கின் வரம்பை அறியத் திருநாளைப்போவார் புராணம் துணைபுரிகிறது. இப்புராணத்தின் மையம் செருப்பன்று. எனினும் தோலும் வாயிலும் இங்கும் உள்ளன. ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்த நந்தனார், சிவாலயங்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளிக்கிறார். அவர் தந்த தோல் இறைவனின் திருமுன் ஒலிக்கிறது. தந்தவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். தோல் தீட்டு என்பதே தடையாயின், முழவும் வெளியே நின்றிருக்க வேண்டும். தடுக்கப்பட்டது பொருளன்று, பிறப்பு என்பது இங்குத் தெளிவாகிறது.

திருப்புன்கூரில் நந்தி விலக, அவர் வெளியிலிருந்தே இறைவனைக் காண்கிறார். தில்லையிலோ அதன் எல்லையை இரவும் பகலும் வலம் வருகிறார். தம் பிறப்பு தடையென்பதை அவர் அறிவார். அவ்வறிவே அவரை நிறுத்துகிறது. திண்ணனாரிடம் இல்லாதது இந்த அறிவே. வேடர் தலைவனின் மகனாகிய அவருக்கு, தாம் ஓரிடத்தில் நுழையத் தகாதவர் என எவரும் சொல்லியிருக்கவில்லை. நந்தனாருக்கோ ஊரின் அமைப்பே அதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

இரு கனவுகள்

இரு புராணங்களிலும் சிக்கலை அவிழ்ப்பது கனவே. காளத்தியில் இறைவன் சிவகோசரியாரை மறைந்திருந்து காணுமாறு பணிக்கிறார். மாற வேண்டியது காண்பவரின் பார்வை. தில்லையில் இறைவன் நந்தனாரை எரியில் மூழ்கி வருமாறு பணித்து, எரியமைக்கத் தில்லைவாழந்தணருக்கும் ஆணையிடுகிறார்; மாற வேண்டியது அடியவரின் உடல். எரியிலிருந்து எழுபவர் முந்நூலும் சடைமுடியும் கொண்ட முனிவர். திண்ணனார் செருப்போடு ஏற்கப்படுகிறார். நந்தனார் தம் உடலோடு ஏற்கப்படவில்லை.

இருவரின் அன்பிலும் சேக்கிழார் ஏற்றத்தாழ்வு காட்டவில்லை. ஆதலின் இவ்வேறுபாட்டுக்கு அன்பின் அளவு காரணமாகாது. காடு கோயிலின் சமூக ஒழுங்குக்குப் புறத்தே உள்ளது. அங்கிருந்து வரும் மீறல் அவ்வொழுங்கை அசைப்பதில்லை. சேரியோ அவ்வொழுங்கின் உள்ளே, அதன் அடித்தளமாக உள்ளது. அங்கிருந்து ஒருவர் அவ்வண்ணமே நுழைந்தால் ஒழுங்கு முழுவதும் விளக்கம் தர வேண்டியதாகும். காப்பியம் முன்னதைக் கொண்டாடி, பின்னதை எரியின் வழியாகக் கடக்கிறது.

கழற்றுதலும் கழற்றச் செய்தலும்

இவ்வேறுபாடு இலக்கியத்தோடு நிற்பதன்று. கோயில் வாயிலில் ஒருவர் தாமே காலணியைக் கழற்றுவது பணிவு. பிறர் தெருவில் நடக்க ஒருவரைக் காலணி கழற்றச் செய்வது அதே செயலின் வடிவை எடுத்துக்கொண்ட ஆதிக்கம். பொதுத்தெரு ஒரு சாதியாரின் கருவறையாகக் கற்பிக்கப்படுகிறது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, இம்மக்கள் பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றங்களுள் தனியே குறிக்கப்பட்டது. சட்டம் பெயர் சொல்லித் தடுக்க வேண்டிய அளவுக்கு இவ்வழக்கம் நிலைத்திருந்தது என்பதற்கு அப்பிரிவே சான்று.

முடிவுரை

கண்ணப்பரின் செருப்பு, காலணி கழற்றும் விதியை நீக்கவில்லை. விதி இருப்பதாலேயே அச்செயல் வியப்புக்குரியதாகிறது. சேக்கிழார் அதைச் சடங்கின் மொழியிலிருந்து குழந்தையின் காலடிக்கு மாற்றி, ஏற்கத்தக்கதாக்கினார். ஆனால் அவ்விலக்கு எல்லையை அறியாதவருக்கே உரியதாயிற்று. எல்லையை அறிந்தும் அன்பு குறையாத நந்தனாருக்கு அது எட்டவில்லை. கண்ணப்பர் புராணத்தைச் சமத்துவத்தின் சான்றாக எடுத்துக்காட்டும் வாசிப்புகள், அதே நூலின் மற்றொரு வாயிலில் நின்றவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். பணிவு தன் பொருளைப் பெறுவது, கழற்றாதிருக்கவும் உரிமையுள்ள ஒருவர் தாமே கழற்றும்போதுதான். அவ்வுரிமை மறுக்கப்பட்ட இடத்தில் வெறுங்கால் பக்தியின் அடையாளமாகாது.