இருநூறு தநுஸ்ஸு: வில்லளவோ, அம்பு விழும் தூரமோ?

கிஷ்கிந்தா காண்டம் 11ஆம் ஸர்க்கத்தில், பெருமாளுடைய பலத்தில் அதிசங்கை கொண்ட மஹாராஜர் இளையபெருமாளிடம் ஒரு பரீக்ஷை சொல்லுகிறார். துந்துபியின் எலும்பை ஒரே திருவடியாலே எடுத்து இருநூறு தநுஸ்ஸு தூரம் எறியவேணும் என்பது அது. இங்கே 'தநுஸ்' என்பதற்கு அம்பு சென்று விழும் தூரம் என்று பொருள் கொள்ளலாமோ என்பது விசாரிக்கத்தக்கது.

அத்தூரத்தைச் சொல்ல இஷுக்ஷேபம், பாணபாதம் என்ற சொற்கள் தனியே உண்டு. அது வில்லுக்கும் எய்வானுக்கும் தக்கபடி கூடும், குறையும். தநுஸ்ஸோ நிலைத்த அளவு. அர்த்தசாஸ்த்ரம் தண்டம், தநுஸ், பௌருஷம் ஆகியவற்றை நான்கு முழம் என்று ஒன்றாகவே எண்ணுகிறது. மநுஸ்ம்ருதி 8ஆம் அத்யாயத்தில், ஊரைச் சுற்றி விடவேண்டிய மேய்ச்சல் நிலம் 100 தநுஸ், அல்லது மூன்று சம்யாபாதம், அதாவது மூன்று கோலெறி தூரம், என்று விகல்பம் கூறப்பட்டது. 100 தநுஸ் 400 முழம். ஓர் எறிக்கு ஏறக்குறைய 133 முழம். வலியவன் எறிந்த கோல் அவ்வளவு செல்லும். நூறு அம்பெறி தூரம் என்று கொண்டால் இவ்விகல்பம் நில்லாது.

இனி ப்ரக்ருதத்துக்கு வருவோம். ஆர்யபடீயத்தின் கணக்கில் யோஜனைக்கு 8000 புருஷ ப்ரமாணம். ஒரு புருஷம் நான்கு முழம். ஆகவே இருநூறு தநுஸ்ஸு யோஜனையில் நாற்பதில் ஒரு பங்கு. வாலி இரு கைகளாலும் எறிந்தது ஒரு யோஜனை. ஒற்றைத் திருவடிக்கு மஹாராஜர் கேட்டது அதிற்சிறு பங்கு. அம்பெறி தூரத்தை 100 தநுஸ் என்றே கொண்டாலும், இருநூறு அம்பெறி இரண்டரை யோஜனையாகும். வாலி செய்ததை விஞ்சும் செயலையே அவர் கேட்டார் என்றாகிவிடும்.

பெருமாள் திருவடிக் கட்டைவிரலாலே பத்து யோஜனை எறிந்தருளினார். பிறகும் மஹாராஜர் ஐயுற்றது எடையைப் பற்றியே: அன்று மாம்ஸத்தோடு ஈரமாயிருந்த உடல், இன்று உலர்ந்து புல்லைப்போல் லகுவாயிற்று என்றார். தூரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வில்லளவு என்று கொள்ளும்போது கேட்டதற்கும் செய்தருளியதற்கும் உள்ள தாரதம்யம் நானூறு மடங்கு; அம்பெறி என்றால் நான்கு மடங்கே. சங்கித்தவன் கேட்ட அளவில் நில்லாத ஆச்ரித பக்ஷபாதம் இவ்விடத்தின் உயிர். அளவுச்சொல்லைப் பிழைபட உரைத்தால் மறைவது அதுவேயாகும்.