அடுக்களையே எங்கள் ஆட்டக்களம்!

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், அந்த வீட்டு அடுக்களைக்கு நிகரான விளையாட்டுக்கூடம் எங்கே தேடினாலும் கிடைக்காது. இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்!

மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, இரண்டு வயதுப் பேத்தியோடு பகல் முழுவதும் இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடுகிற பொம்மை, விளக்கு எரிகிற பொம்மை என்று அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் நான் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தால் போதும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு "தாத்தா, நானு! நானு!" என்று ஓடி வருகிறாள். பெரியவர்கள் செய்யும் நிஜமான வேலையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும். அதுதான் இந்த வயதின் பேராசை. அந்தப் பங்கைக் கொடுத்துப் பாருங்கள், குழந்தை வளர்வது கண்ணெதிரே தெரியும்!

அரிசியும் இரண்டு டம்ளரும்

எங்கள் ஆட்டங்களில் முதலிடம் இதற்குத்தான். தரையில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் இரண்டு சின்ன டம்ளர். ஒன்றில் பாதிவரை அரிசி. அதை இன்னொன்றில் ஊற்ற வேண்டும், பிறகு அதிலிருந்து இதற்கு. ஆட்டமே அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நேரம் ஆடுகிறாள் தெரியுமா! நாக்கு நுனி லேசாக வெளியே எட்டிப் பார்க்க, டம்ளர் விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாய்க்கிறாள். ஆரம்பத்தில் அரிசி தாம்பாளமெங்கும் சிதறியது. மணிக்கட்டை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு விழும் என்ற கணக்கு மெல்ல மெல்லக் கைக்குப் படிந்தது. கண் சொல்வதைக் கை கேட்கத் தொடங்கியது. அரிசி பழகியதும் ரவை, ரவை பழகியதும் தண்ணீர். தண்ணீருக்குக் குளியலறைத் தரைதான் தோதான இடம். டவராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது அந்தக் குட்டி முகத்தில் இருக்கும் கவனத்தைப் பார்க்க வேண்டுமே, கும்பகோணத்துக் காபிக்கடை மாஸ்டரேதான்!

இந்த எளிய ஆட்டத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளையே அவர் குழந்தைக்கான பயிற்சியாக வகுத்தார். அந்த அம்மையார் 1939-இல் சென்னைக்கே வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவருடைய முறையைத் தொடங்கிப் பார்க்க நம் வீட்டுத் தாம்பாளமும் டம்ளரும் போதும் என்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

மூன்று விரல்களின் உற்சவம்

முருங்கைக்கீரை வாங்கினால் அன்று எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு ஈர்க்கை அவள் கையில் கொடுத்து, இலைகளை உருவிக் காட்டினால் போதும். அவள் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். கறிவேப்பிலை ஆய்வதும் அப்படியே. சப்பாத்திக்குப் பிசையும்போது எலுமிச்சை அளவு மாவு அவளுக்கு. அழுத்துவது, உருட்டுவது, தட்டுவது, கிள்ளுவது எல்லாம் அதிலேயே நடந்துவிடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ஒன்றுகூடி வேலை செய்கின்றன. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் இதே மூன்று விரல்கள்தானே!

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் கொஞ்சம் நீளமாக நறுக்கி, மஞ்சள் கரைசலில் தோய்த்துப் பழைய காகிதத்தில் அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ ஒன்று மலரும். பீட்ரூட் சாற்றில் தோய்த்தால் சிவப்புப் பூ. ஒவ்வொரு பூ விழும்போதும் "பூ! பூ!" என்று அவள் கூவுவதைக் கேட்டு நானும் கூடவே கூவுவேன்.

பச்சரிசி மாவில் கோலம் போடும்போது ஒரு சிட்டிகை அவளுக்கும் உண்டு. பிறகு மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிய நீள்வட்டம் ஒன்றை வரைந்து, கோட்டை விட்டு விலகாமல் அதன்மேல் நடப்போம். மாண்டிசோரி பள்ளிகளில் கோட்டின்மேல் நடப்பது ஒரு பயிற்சியே. கைகளை விரித்து, ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை வைத்து, தடுமாறி, நிமிர்ந்து நடக்கும்போது உடம்பு சமநிலையைக் கற்றுக்கொள்கிறது.

சிற்றில், சிறுபறை, சிறுதேர்

நம் முன்னோர் குழந்தையின் ஆட்டத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றின் பெயர்கள்தாம் இவை. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைப்பதும், சின்னப் பறையைக் கொட்டுவதும், குட்டித் தேரை உருட்டுவதும் அங்கே பாட்டாகின்றன. மூன்றையும் நாங்கள் அடுக்களையிலேயே நடத்துகிறோம். எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் கலகலவென்று தள்ளிவிடுவது சிற்றில். அடுக்குவதைவிடத் தள்ளுவதில்தான் அவளுக்கு ஆனந்தம். தள்ளுவதும் படிப்புதான், தன் கைபட்டால் என்ன நடக்கும் என்பதை அங்கேதான் அறிகிறாள். கவிழ்த்த பாத்திரங்களை மரக்கரண்டியால் தட்டினால் சிறுபறை. பித்தளைக்கு ஒரு நாதம், பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஒரு நாதம். மளிகை வந்த அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி, நாலு வெங்காயத்தை ஏற்றி, கூடத்துக்கும் அடுக்களைக்கும் இழுத்து வந்தால் சிறுதேர். பாரம் இழுத்த கால்களுக்கு மதியத் தூக்கம் தேனாய் வருகிறது!

அஞ்சறைப்பெட்டி பக்கம் போனால் மூக்குக்கும் நாக்குக்கும் வேலை. சீரகத்தை முகர்ந்து பார்ப்பாள், ஏலக்காய்க்குச் சிரிப்பாள், பெருங்காயத்துக்கு முகத்தைச் சுளிப்பாள். செய்வதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பேன். "கீரை கழுவுறோம் கண்ணு, தண்ணி சில்லுனு இருக்கு பாரு!" இரண்டு வயதையொட்டிப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கும். "தண்ணி ஊத்து", "மாவு தா" என்று அவள் முதலில் கோத்த சொற்களெல்லாம் அடுக்களைச் சொற்களே!

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் ஆதரிக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாடும் நேரமோ குறைந்தது 180 நிமிடம் வேண்டும். எங்கள் அடுக்களை ஆட்டத்தில் கைபேசியின் நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. குழந்தையை விட்டு ஒரு நொடியும் நகரக் கூடாது. வேர்க்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, சோழி எதையும் இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும், மூக்கில் போய் அடைக்கும். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்து. அடுப்பு எரியும்போது எங்கள் ஆட்டம் கூடத்துக்கு மாறிவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளே! புதுப் பொம்மை வாங்கக் கடைக்குப் போகும் முன், இன்றைய சமையலில் ஒரு சின்ன வேலையைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். வேலை கொஞ்சம் தாமதமாகும், தரை கொஞ்சம் அழுக்காகும், பரவாயில்லை. துடைக்கும் துணியையும் குழந்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள். அதையும் ஆசையாகச் செய்யும்!